மூன்று கரண்டிப் பால்

மாமிக்கு என்மேல் கோபம் வந்தால் கதைப்பதை நிறுத்திவிடுவார். ஒரு நாள், இரண்டு நாள். ஒருமுறை நவராத்திரி ஒன்பது நாளும் என்னோடு ஒரு சொல் இல்லை. ஆகையால் அன்று காலை குசினிக்குள் நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லாதபோது, அதையும் கோபமென்றே எடுத்துக்கொண்டேன்.

முதல்நாள் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை. மகளுக்கு அப்போது ஏழு மாதம். அவளுக்கு உரைமருந்து கொடுக்க வேண்டாம், கிளினிக்கில் வேண்டாமென்று சொன்னவர்கள் என்று நான் மறித்தேன். "படிச்ச மருமோள் எடுத்தா உதுதான்" என்று சுவருக்குச் சொல்லிவிட்டு மாமி போய்விட்டார். மறுநாள் திருவலையில் இருந்தபடி, கையில் தேங்காய்ப் பாதியோடு, துருவாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பலா, சொதியா என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொருமுறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. எனக்கும் ரோசம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினேன், பவுடர் போட்டேன், பால் கொடுத்தேன், நித்திரையாக்கினேன். அவ்வளவும் முடிந்து திரும்பி வந்தபோது தேங்காய்ப் பாதி அடுப்படிவரை உருண்டு கிடந்தது. மாமி சுவரோடு சாய்ந்திருந்தார். வாயின் வலப்பக்கம் கீழே இறங்கி, எச்சில் வடிந்துகொண்டிருந்தது.

அது எவ்வளவு நேரம் இருக்கும் என்று பின்னர் பலமுறை யோசித்திருக்கிறேன். பிள்ளை அன்று சீக்கிரம் தூங்கினாளா, இல்லை நான்தான் மாமியின் முகத்தைப் பார்க்க விருப்பமில்லாமல் தொட்டிலோடு நின்றேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

அரியாலையிலிருந்து ஆஸ்பத்திரி தூரமில்லை. சந்தியில் நின்ற வாடகைக் காரில் கொண்டுபோனோம். என் அம்மா வந்து பிள்ளையைப் பொறுப்பெடுத்தார். கணவருக்குக் கொழும்பில் கந்தோர் வேலை. அவருக்குத் தந்தி அடித்தோம்; லீவு கிடைக்க நாலைந்து நாள் செல்லும் என்று பதில் வந்தது. டொக்டர் பார்த்துவிட்டுப் பாரிசவாதம் என்றார். வலக் கையும் வலக் காலும் இயங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. சில நாள் போகட்டும், பார்ப்போம் என்றார். அவர் காலையில் ஒருமுறைதான் வருவார். மற்ற நேரமெல்லாம் மாமியின் உயிர் மிஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதியின் கையில்தான் இருந்தது என்பதை நான் மெல்ல மெல்லத்தான் விளங்கிக்கொண்டேன்.

பகலில் துணைக்கு ஒரு பெண் நிற்கலாம் என்று விட்டார்கள். நான் நின்றேன். அந்த வாட்டுக்குப் பகலில் பொறுப்பாக இருந்த மிஸி என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். மெலிந்த உடம்பு. நடக்கும்போது சப்பாத்துச் சத்தம் கேட்காது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வந்து மாமியை ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்புவார், முதுகைப் பார்ப்பார், குதிக்காலைப் பார்ப்பார், சோர்ந்த கைக்குக் கீழே தலையணை வைத்து, மடிந்துபோகும் விரல்களுக்குள் உருட்டிய துணி ஒன்றைச் செருகுவார். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முதல் மாமியிடம் சொல்வார். "அம்மா, இப்ப உங்களை இடப்பக்கம் திருப்பப் போறன். பயப்பிடாதேங்கோ." கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிற மனிசியிடம் ஏன் இவ்வளவு கதை என்று நான் நினைத்தேன். எனக்கு அது கொஞ்சம் நாடகம்போலக்கூடப் பட்டது.

முதல்நாள் நான் மாமியின் வலக்கையைப் பிடித்து மேலே தூக்கப் பார்த்தபோது மிஸி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "அந்தக் கையிலை பிடிச்சு இழுக்காதேங்கோ தங்கச்சி. தோள்மூட்டு கழண்டுபோம். நோகுது எண்டு அவவாலை சொல்லேலாது."

இரண்டாம் நாள் மாமியை நிமிர்த்தி இருத்தி, ஒரு சின்னக் கரண்டி தண்ணீர் வாயில் விட்டு, இரண்டு விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பார்த்தார். மாமி விழுங்கவில்லை. கொஞ்சம் பொறுத்து ஈரமான ஒரு இருமல் வந்தது. மிஸி தலையை ஆட்டிக்கொண்டார். விழுங்குகிற நரம்பும் சோர்ந்துவிட்டது, வாயால் கொடுப்பது வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் போய்விடும் என்று எனக்கு விளக்கினார். மூக்கால் ஒரு மெல்லிய குழாய் விட்டார்கள். அதன் வழியாகப் பால் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மிஸி அதை உறிஞ்சி, வருகிற நீரை ஒரு நீலத்தாளில் தொடுவார். தாள் சிவந்தால்தான் குழாய் வயிற்றில் இருக்கிறது என்று அர்த்தம். சிவந்த பிறகுதான் பால். ஒருநாளும் அதை அவர் தவறவிட்டதை நான் காணவில்லை. இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்பது பின்னால் விளங்கும்.

கலியாணத்துக்கு முன் நான் இரண்டு வருடம் படிப்பித்தவள் என்று எப்படியோ அறிந்து, மிஸி ஒரு மட்டையையும் சிவப்பு மையையும் தந்து, கட்டில் தலைமாட்டில் கட்டுவதற்கு எழுதித் தரச் சொன்னார். "வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம்." வடிவாக, உருண்டை எழுத்தில் எழுதினேன். அதைக் கட்டியதும் நான்தான்.

மாமியின் தமக்கை உரும்பிராயில் இருந்தார். அவரைப் பெரியமாமி என்போம். நாள்தோறும் பஸ் பிடித்து வந்துவிடுவார். தங்கச்சிமேல் அவருக்கிருந்த அன்பில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மிஸியை அவருக்குப் பிடிக்கவில்லை. தங்கையின் உடம்பைத் தொட்டுக் கழுவுகிற பெண் யார், எந்த ஆட்கள் என்று தெரியவேண்டும். எங்கள் பக்கத்தில் அதை நேரே கேட்பதில்லை, ஊரைக் கேட்பார்கள்.

"பிள்ளை, நீர் எவடம்?"

"இந்த வாட்டுத்தான் அம்மா" என்றார் மிஸி, மாமியின் நகத்தை வெட்டிக்கொண்டே. "காலமை ஏழு மணியிலையிருந்து இஞ்சைதான்."

பக்கத்துக் கட்டில் பெண் சிரித்துவிட்டார். பெரியமாமி பிறகு மிஸியோடு கதைக்கவில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

நான்காம் நாள் மாமியின் மூச்சு மாறியதுபோல இருந்தது. குறட்டைபோல இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தார். பெரியமாமி காலைத் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. முதல்நாளே ஊரில் சாத்திரம் கேட்டிருக்கிறார்; நாள் கூடாது, இந்தக் கிழமை தாண்டாது என்று சொல்லிவிட்டார்களாம். மிஸியைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, மூச்சு அப்படித்தான் இருக்கும், மோசமாகவில்லை என்றார். அதைப் பெரியமாமி நம்பவில்லை. நானும் பாதிதான் நம்பினேன்.

பிறகு அந்தக் கட்டிலடியில் நின்றுகொண்டே நாங்கள் கதைத்தோம். கொள்ளி வைக்க மகன் வந்து சேருவானா, முற்றத்தில் பந்தல் கொள்ளுமா, ஐயருக்கு ஆர் சொல்வது. என்ன சேலை உடுத்துவது என்று பெரியமாமி கேட்டார். அலுமாரியின் மேல்தட்டில் கட்டாத சேலை ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

மதியம் மிஸி வாட்டின் மறுகோடியில் புதிதாக வந்த நோயாளியோடு நின்றார். பெரியமாமி தன் பையிலிருந்து மூக்குப்பேணியை எடுத்தார். உள்ளே காய்ச்சி ஆறின பசுப்பால். போகிற உயிருக்குப் பெற்ற பிள்ளை பால் பருக்கவேண்டும். அது இல்லாமல் போனால் தாகத்தோடு போனதாகிவிடும். இதை நானும் என் வீட்டில் பார்த்து வளர்ந்தவள்தான்.

"மகன் இல்லாட்டி மருமோள்தான்" என்று கரண்டியை என்னிடம் நீட்டினார்.

மட்டையைக் காட்டினேன்.

"உது பிழைக்கிற ஆக்களுக்கு எழுதினது, பிள்ளை. பெத்த மகன்ரை கையாலைதான் கிடைக்கேல்லை. நீயும் தரமாட்டன் எண்டால் நாளைக்கு அவனுக்கு என்ன சொல்லுவாய்?"

இந்த இடத்தில் நான் உண்மையை எழுதவேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்தேன் என்பது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. காலையிலிருந்து பிள்ளை என்னிடம் பால் குடிக்கவில்லை. மார்பு கல்லாகக் கட்டி, சட்டையின் முன்பக்கம் நனைந்து, சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நின்றேன். இதைச் செய்துவிட்டால் பெரியமாமி ஆறுதலடைவார், நான் ஒரு மணித்தியாலம் வீட்டுக்குப் போய்வரலாம் என்று நினைத்தேன். அதற்கும் அடியில் வேறு ஏதும் இருந்ததா? நான்கு நாளாக என்னை ஒருவரும் குறைசொல்லவில்லை என்ற ஒரு இளைப்பாறல் எனக்குள் இருந்தது. அது கரண்டியைப் பிடித்த கைக்குத் தெரிந்திருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மாமி மல்லாந்து கிடந்தார். தலையை நிமிர்த்தக்கூட இல்லை. ஒரு கரண்டி விட்டேன். இரண்டாவதை விட்டபோது கண் திறந்தது. என் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். பெரியமாமி பிடித்திருந்த மூக்குப்பேணியைப் பார்த்தார். மூன்று விடவேண்டும் என்று பெரியமாமி சொல்ல, மூன்றாவதையும் விட்டேன். இருமல் வந்தது, பலமில்லாத இருமல். பால் கடைவாயால் வழிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். உதடு கொஞ்சம் கறுத்து, பிறகு தெளிந்தது.

இருமலைக் கேட்டு மிஸி வந்தார். மாமியைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பி, வாய்க்குள் விரலில் சுற்றிய துணியால் துடைத்தார். துணியை வெளிச்சத்தில் பார்த்தார்.

"வாயாலை ஏதும் குடுத்தனீங்களோ?"

பெரியமாமி யன்னலைப் பார்த்தார். நான், "இல்லை மிஸி, வாயைத் துடைச்சனாங்கள், அவ்வளவுதான்" என்றேன்.

பொய் எவ்வளவு லேசாக வந்தது. மூக்குப்பேணி பைக்குள் போயிருந்தது. மிஸி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, மாமியின் தலைமாட்டை உயர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் மாமி சாகவில்லை. அன்று பின்னேரமே மூச்சு சீராகிவிட்டது. மறுநாள் காலையில் காய்ச்சல் அடித்தது. நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம். ரயிலில் வந்திறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்த என் கணவர் தாயின் காலடியில் நின்று அழுதார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீர் இருந்தபடியால்தான் அம்மா இவ்வளவுக்கு இருக்கிறா" என்றார். அவருக்கு அப்போதே சொல்லியிருக்கலாம்.

பெரிய டொக்டர் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். மூக்குக் குழாயைப் பார்த்தார். பிறகு மிஸியிடம் ஆங்கிலத்தில், தாழ்ந்த குரலில் பேசினார். எனக்கு விளங்காது என்று நினைத்திருப்பார். குழாய் இடம் மாறியிருக்கவேண்டும், பார்க்காமல் பாலை ஊற்றினால் நெஞ்சுக்குள்தான் போகும், இது புதுசாகப் படிக்கிற பிள்ளைகள் விடுகிற பிழை என்றார். மிஸி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "ஒவ்வொருமுறையும் பாத்தனான் சேர்" என்று மட்டும் சொன்னார். டொக்டர் அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த நீலத்தாள் சிவப்பதை நாள்தோறும் கண்ட ஒரே சாட்சி நான். இரண்டடி தள்ளி நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று முழுவதும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். அவள் குடித்து, புரைக்கேறி, இருமினாள். ஏழு மாதப் பிள்ளைக்குப் புரைக்கேறுவது புதிதல்ல. நான் அவளைத் தோளில் போட்டு முதுகைத் தட்டியபடி விறைத்துப்போய் நின்றேன். அம்மா வந்து வாங்கினார். என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த நாள் மற்றவர்கள் வருவதற்கு முன் போனேன். மிஸி மேசையில் இருந்து பஞ்சுத் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். பெரியமாமியின் பெயரை முன்னால் போடாமல், "நான் பால் குடுத்தனான்" என்று தொடங்கினேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

ஏசுவார் என்று காத்து நின்றேன். அவர் கேட்டதெல்லாம் வேறு. எத்தனை கரண்டி, படுத்தபடியா, எத்தனை மணிக்கு, பாலில் சீனி போட்டதா. கேட்டுக்கொண்டே எழுந்துபோய் மாமியின் நோய்க்குறிப்புத் துண்டை எடுத்து எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கே சொல்லியிருந்தால் ஊசியை அண்டைக்கே துடங்கியிருப்பம். நேற்று முழுக்க நாங்கள் குழாயிலை பிழை தேடிக்கொண்டிருந்தம்."

அவ்வளவுதான். தனக்குக் கிடைத்த பேச்சைப்பற்றி ஒரு சொல் இல்லை. நான்தான், டொக்டரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றேன். துண்டில் எழுதியாயிற்று, அவர் வாசிப்பார் என்றார். டொக்டர் வாசித்தாரா, வாசித்துவிட்டு மிஸியிடம் ஏதும் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. அவர் வரும் நேரத்தில் முன்னால் போய் நின்று நானே சொல்லியிருக்கவேண்டும். நான் சொல்லவில்லை. மிஸி வேண்டாம் என்றதை நான் சந்தோசமாகப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொண்டு" என்றார் மிஸி. "அவவுக்கு முன்னாலை என்ன கதைச்சனீங்கள்?"

எதற்கு என்று கேட்டேன்.

"அவவுக்குக் கதைக்கத்தான் ஏலாது. கதைக்கிறது விளங்குது. நான் திருப்பப் போறன் எண்டு சொன்னால் இடக்காலை மடிச்சுத் தாறா."

பந்தல், ஐயர், அலுமாரியின் மேல்தட்டுச் சேலை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் நான் கரண்டியோடு வந்து நின்றேன். அந்தப் பால் என்ன பால் என்று எங்கள் ஊரில் பிறந்த எந்த மனிசிக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பெனிசிலின் ஊசி போட்டார்கள். மிஸி மாமியைக் குப்புறச் சாய்த்து, உள்ளங்கையைக் குழித்து, முதுகில் தட்டித் தட்டிச் சளியை வெளியே எடுத்தார். எனக்கும் காட்டித் தந்தார். பத்து நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் கிழமை, நிமிர்த்தி இருத்தி விழுங்கப் பார்த்தபோது மாமி விழுங்கினார். குழாயை எடுத்தார்கள். தண்ணீர் வேண்டாம், தடித்த கஞ்சி முதல் என்றார் மிஸி. தலையைக் குனியவைத்து நாடியை நெஞ்சுப்பக்கம் தாழ்த்தி, நல்ல பக்கத்துக் கடைவாயில் வைத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்து, கன்னத்துக்குள் மிச்சம் கிடக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் அடுத்த கரண்டி. அவர் தீத்தினால் மாமி வாயைத் திறப்பார். கரண்டி என் கைக்கு வந்ததும் உதடு இறுகிவிடும். ஒருநாள், இரண்டு நாள், நான்கு நாள். கணவர் தீத்தினால் திறப்பார். ஆனால் அவருக்கு லீவு முடியப்போகிறது. அவர் போனபிறகு வீட்டில் நான்தான்.

வீட்டுக்கு விடுவதற்கு முதல்நாள் மிஸி என்னைக் கட்டிலடிக்குக் கூட்டிப்போனார். கிண்ணத்தையும் கரண்டியையும் என்னிடம் தந்தார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்குச் சொன்ன மாதிரி அவவுக்கும் சொல்லுங்கோ" என்றார். "நாளையிலையிருந்து நான் இல்லை. பட்டினியாலை உடம்பு விழுந்தால் நான் செய்ததெல்லாம் வீணாப்போம்."

மாமியாரிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. அவருக்கும் கேட்டுப் பழக்கமில்லை. "மாமி" என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். பிறகு ஒரே மூச்சில் சொன்னேன். "நீங்கள் போகப்போறியள் எண்டு நினைச்சுத்தான் அண்டைக்குப் பால் விட்டனான். வேண்டாம் எண்டு நானே எழுதிக் கட்டிப்போட்டு, நானே விட்டனான். மிஸி கேக்க, இல்லை எண்டும் சொன்னனான். சேலைக் கதையும் நான்தான் சொன்னது."

மாமி என்னைப் பார்த்தார். வாய் ஏதோ சொல்ல அசைந்து, ஒரு சத்தம் மட்டும் வந்தது. பிறகு இடக்கையை நீட்டி என் விரல்களிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார்.

எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அதைக் கஞ்சிக்குள் விட்டு அள்ளினார். இடக்கையால் உண்பதென்றால் மாமிக்கு அருவருப்பு. குழாயை எடுத்த நாளிலிருந்து மிஸி எவ்வளவு கெஞ்சியும் அந்தக் கையால் கரண்டியைத் தொடமாட்டேன் என்று கிடந்தவர். பாதி நாடியில் சிந்தியது, பாதி வாய்க்குள் போனது. விழுங்கினார். மறுபடி அள்ளினார்.

மிஸிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "உதுக்குத்தானே அம்மா நான் உங்களோடை மல்லுக்கட்டினது" என்றார். என் முழங்கையைத் தட்டி, கிண்ணத்தை ஆடாமல் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மாமி அதைத் தள்ளவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

மிஸி அதை நல்லதாகவே எடுத்தார். இனி ஒருவர் கையையும் பார்த்திருக்கத் தேவையில்லை என்றார். கணவரும் அப்படித்தான் நினைத்தார். அவருக்கு நான் பிறகு எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏசவில்லை, பெரியமாமியைத்தான் ஏசினார். அது எனக்கு உதவவில்லை. என்னை மன்னித்துவிட்டார் என்பதற்காக மாமி கரண்டியை வாங்கினாரா, இனி உன் கையால் ஒரு வாய்கூட இல்லை என்பதற்காக வாங்கினாரா?

மகளுக்கு இப்போது மூன்று வயது. சோற்றைக் குழைத்து மேசையில் வைத்தால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறார்கள். மாமிக்குச் சில சொற்கள் திரும்பியிருக்கின்றன: ஓம், வேண்டாம், மகனின் பெயர், பேத்தியின் பெயர். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிண்ணம் நழுவத் தொடங்கினால் என் பக்கம் பார்ப்பார். நான் போய்ப் பிடித்துக்கொள்வேன்.